மருந்து ஏறும் வரை

"நடங்கம்மா, மெதுவா நடந்துகிட்டே இருங்க, நடந்தாத்தான் மருந்து மேல ஏறும்" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற அந்த ஜெனிபர் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது, பச்சையம்மாளும் நடக்கிறாள். ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டுமாம். வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, குத்துப்பட்டவளுக்கல்லவா தெரியும்! இடது குதிகாலில் இருக்கிற அந்தக் கருப்புத் திட்டைச் சுற்றி நாலு பக்கமும் நாலு ஊசி, ஒவ்வொன்றுக்கும் உயிர் போய் உயிர் வந்தது, மூன்றாவது ஊசிக்கு அவள் செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள், நாற்பத்தெட்டு வயசுப் பொம்பளை அம்மா என்று கத்தினால் வெட்கமாக இருக்காதா, இருந்தது. இப்போது வலி இல்லை, மதமதவென்று இருக்கிறது, கால் தன்னுடையதா வேறு யாருடையதா என்று சந்தேகம் வருகிறது. ஆஸ்பத்திரித் தரைக்குக் கீழே இருக்கிறது இந்த இடம். சன்னல் கிடையாது, வெளியே வெயிலா மழையா தெரியாது, காலை பத்து மணி என்று கடிகாரம் சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நீளமாக ஒரு வராந்தா, ஒரு முனையில் ஸ்கேன் அறை, இன்னொரு முனையில் இரட்டைக் கதவு, கதவில் முகம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவள் புருஷன் தேசிங்கு. கதவுக்கு மேலே அணு மருத்துவம் என்று எழுதியிருக்கிறது. அணு என்றதும் அவளுக்குக் குண்டுதான் ஞாபகம் வந்தது, மஞ்சள் அட்டையில் மூன்று றெக்கை வைத்த கருப்பு ஃபேன் படம் வேறு, அதற்குக் கீழே கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது. நல்லவேளை மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. மகளுக்கு இது ஐந்தாம் மாசம். நானும் வரேன்மா என்று ஆரணியில் மாமியார் வீட்டிலிருந்து போனில் அழுதாள், வராதடி என்று அதட்டி போனை வைத்தாள் பச்சையம்மாள். இந்த ஊசிக்கு முன்னாலேயே, ஏழு வருஷமாகவே, இந்தக் காலுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணை அவள் விட்டதில்லை. ஒரே பாயில் படுத்துத் தூங்கினது கிடையாது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. பத்தொன்பது அடி வைத்தால் கண்ணாடிக் கதவு வந்துவிடுகிறது. தேசிங்கு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பி நடக்கிறாள். டாக்டர் இன்பராஜ் தங்கமான மனுஷன், நேற்று ஒரு தாளில் கால் படம் போட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். கால்ல முள்ளு குத்தினா அரையில நெறி கட்டும் இல்லம்மா, தெரியுமா? தெரியாமல் என்ன, சின்ன வயசில் கருவேல முள் ஏறி அவளுக்கே கட்டியிருக்கிறது, தொடையிடுக்கில் புளியங்கொட்டை மாதிரி, தொட்டால் அலறுவாள். அந்த நெறிதாம்மா, உடம்புக்குள்ள வர்ற கெட்டதைப் பிடிச்சு வைக்கிற செக்போஸ்ட்டு. இந்தத் தோல் புற்று கால்லேருந்து கிளம்பிச்சுன்னா மொதல்ல அங்கதான் போய் உக்காரும். எல்லா நெறியையும் எடுத்துப்போட்டா காலு வீங்கிப் போயிடும், அதனால கால்லேருந்து போற வழியில மொதல் நெறி எதுன்னு இந்த மருந்தை வச்சுக் கண்டுபிடிச்சு, அதை மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம், அது சுத்தமா இருந்தா மத்ததைத் தொட வேண்டாம். நாளைக்குக் காலையில் ஆபரேஷன். அந்தக் கருப்புத் திட்டையும் அதைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்துச் சின்ன அப்பளம் அகலத்துக்குக் குதிகாலில் எடுப்பார்களாம், உள்ளங்கால் குழியிலிருந்து தோலைத் திருப்பி அங்கே வைத்துத் தைப்பார்களாம், அந்தக் குழிக்குத் தொடையிலிருந்து தோலாம். மயக்கம் கொடுத்த பிறகு நீலச் சாயம் ஒன்றும் போடுவார்கள், ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்குப் பச்சையா போகும், பயப்படாதீங்க, பேருக்கு ஏத்த மாதிரிதான் என்று சொல்லிச் சிரித்தார். தேசிங்கும் கூடவே சிரித்தார், இந்த ஆளுக்குச் சிரிப்பதற்கு நேரம் காலம் கிடையாது. அவள் சிரிக்கவில்லை. அவள் காதில் ஒரே வார்த்தைதான் நின்றுபோயிருந்தது. சுத்தமா இருந்தா. சுத்தமா இருந்தா. சுத்தமா இல்லையே டாக்டர், அதுதானே எல்லாம் என்று சொல்ல வாய் வரை வந்தது, எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அப்புறம் அவர் கேட்டார், இது எத்தனை நாளா இருக்கு? ஆறு மாசம் என்றாள். எழுதிக்கொண்டார். மூன்று மாசத்துக்கு முன்னால் செய்யாறு ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் ஆறு மாசம் என்றுதான் சொன்னாள், நடுவில் மூன்று மாசம் ஓடியும் அவளுடைய ஆறு மாசம் மட்டும் வளராமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேன் அறைக் கதவு வந்துவிட்டது. அதில் கை வைத்துத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

ஏழு வருஷம். வருகிற சித்திரைக்கு எட்டு. மோனிஷாவுக்கு அப்போது பதினாலு வயசு, டெங்கு, ஐசியூவில் பதினோரு நாள், ரத்தத்தில் என்னவோ தட்டணு என்றார்கள், அது குறைந்துகொண்டே வருகிறது என்றார்கள், பல் விளக்கினால் ரத்தம், மூக்கில் ரத்தம். வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு பச்சையம்மாள் வாய்விட்டே சொன்னாள், திரௌபதியம்மா, எம் பொண்ணு எழுந்து நடந்தா நான் உன் நெருப்புல நடக்கிறேன். எழுந்து நடந்தாள் பெண். வேண்டிக்கொண்டால் செய்யணும், வேறு பேச்சே கிடையாது. அடுத்த சித்திரை அக்கினி வசந்தத் தீமிதிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே காப்புக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வேளைச் சோறு, தனித்தனிப் பாய், மஞ்சள் துணி. மதியத்தில் பாரதம் படிக்கிறவர் படிப்பார், ராத்திரி கூத்து, துகில் இழுக்கிற கூத்து அன்றைக்கு வழக்கம்போல ஊர்ப் பொம்பளைகள் எல்லோரும் மூக்கைச் சிந்தி அழுதார்கள், அவளும் அழுதாள். கடைசி நாள் காலையில் படுகளம், களிமண்ணில் நீளமாகப் படுத்திருந்த துரியோதனன் தொடையை உடைத்தாயிற்று, பாஞ்சாலி வேஷக்காரர் கூந்தல் முடிந்தாயிற்று. சாயந்திரம் நாலு மணிக்கு எல்லோரும் ஏரிக்கரையில் முழுகி எழுந்தார்கள். ஈரப் புடவையை முறுக்கிப் பிழியக் கையை வைத்தவளுக்கு அடிவயிற்றில் சுரீர் என்றது. ஒன்பது நாள் முன்னாலேயே வந்து நிற்கிறது, சனியன்! இதுக்கு வேற நாளே கிடைக்கவில்லையா? சுற்றி நூறு பேர், எல்லாக் கையிலும் மஞ்சள் கயிறு. வீட்டுக்கு விலக்கானவள் கோயில் பக்கமே போகக் கூடாது, இவள் பூக்குழிக்கு முன்னால் நிற்கிறாள். சொன்னால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்பார்கள், அடுத்த வருஷம் வரைக்கும் பெண்ணுக்கு யார் பொறுப்பு? பம்பை அடிக்கிறான். கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் கத்துகிறது. அவள் சொல்லவில்லை.

இறங்கினாள். அதுதான் கதை. சுட்டதா என்று கேட்டால் இன்றைக்கு வரை அவளுக்குச் சொல்லத் தெரியாது, கால் எங்கே வைத்தாள் என்றே தெரியாது, எதிரே அம்மன் கரகம் மட்டும் ஆடி ஆடித் தெரிந்தது. ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது, பின்னால் வந்த தேசிங்கு அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தார், கழுத்தில் மூச்சு படுகிறது, குதிகாலை மிதிக்கிற மாதிரி வருகிறார், நெருப்பில் நடக்கும்போதும் இந்த ஆளுக்கு அவசரமா, தள்ளி வாய்யா என்று உள்ளுக்குள் எரிந்து விழுந்தாள். பால் ஊற்றின குழியில் கால் வைத்துக் கரை ஏறினதும் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார், காத்து அடிக்குது, ஈரம் என்று. அத்தனை பேர் முன்னால் இடுப்பில் கை வைத்தால் என்ன நினைப்பார்கள், விடுங்க என்று தட்டிவிட்டாள், விடவில்லை, முடிச்சுப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்த்தாள். இடது குதிகாலில் மிளகு அளவுக்குக் கருப்பு. தேய்த்தாள், போகவில்லை. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கால் சுட்டால் காப்பில் குற்றம். முந்தி ஒரு தடவை சகுந்தலா என்று ஒருத்திக்குக் கால் கொப்பளித்துவிட்டது, இன்னின்ன செய்திருப்பாள் என்று ஊரே உட்கார்ந்து பேசியது, பாவம், அவள் பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள். பச்சையம்மாளுக்கு ஊர் வாயைப் பற்றி அவ்வளவு பயம் இல்லை, அவள் வாயும் சின்ன வாயில்லை. பயம் வேறு. நடந்தது பொய் நடை என்றால் வேண்டுதல் தீரவில்லை, வேண்டுதல் தீரவில்லை என்றால் பெண்ணின் உயிருக்கு என்ன ஆதாரம்? கொடுத்தவளுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பார்த்துவிட்டேன் என்று அம்மன் வைத்த பொட்டுதான் இது. இதை யாரும் பார்க்காதவரைக்கும், யாரும் வாயால் சொல்லாதவரைக்கும், ஒருவேளை அவளே மறந்துவிடுவாள். அம்மனிடமிருந்தே அம்மன் வைத்த பொட்டை ஒளித்து வைக்கப் பார்த்தாள், பைத்தியக்காரி. ஏழு வருஷம் ஒளித்தும் வைத்தாள்.

எப்படி ஒளித்தாள்! மருதாணியை அரைத்து உள்ளங்கால் பூராவும் அப்பிக்கொள்வாள், சூட்டு உடம்பு, குளிர்ச்சிக்கு என்பாள். வீட்டுக்குள்ளேயும் செருப்பு. காலை நீட்டி உட்காருவதில்லை, மடித்து மடித்து முட்டி தேய்ந்துவிட்டது. இதில் கூத்து என்னவென்றால் அவள் வேலை செய்வதே ஷூ கம்பெனியில். விடியற்காலம் அஞ்சரைக்குக் கம்பெனி பஸ் வரும், எட்டு மணி நேரம் நின்றபடி செக்கிங், லைனில் வருகிற உள்ளடியை எல்லாம் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும், கம் கறை இருக்கிறதா, ஒரு கருப்புப் புள்ளி இருக்கிறதா. இருந்தால் ரிஜெக்ட், கூடையில் எறி. எந்த ஊர்க்காரியின் காலுக்கோ போகிற ஷூ, அதில் கடுகளவு புள்ளி இருந்தாலும் அவள் கண் பிடித்துவிடும், சூப்பர்வைசர் பெண்ணே பச்சையம்மாக்கா கண்ணு கழுகுக் கண்ணு என்பாள். ரிஜெக்ட், ரிஜெக்ட், சரி, சரி, ரிஜெக்ட். ஊரார் காலையெல்லாம் லைட்டில் பிடித்தவள் தன் காலை லைட்டில் பிடிக்கவில்லை. மிளகு மொச்சையாயிற்று, மொச்சை ஓரம் கலைந்து பரவிற்று, வலி மட்டும் இல்லவே இல்லை, வலித்திருந்தால் தேவலை, வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். போன மாசி மாசம் மோனிஷா மாமியாரின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனபோது, வெள்ளை டைல்ஸ், செருப்பை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அடுப்படியிலிருந்து பூஜை அறை வரைக்கும் அடிக்கு ஒரு ரத்தப் பொட்டு. மோனிஷாதான் முதலில் பார்த்தாள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். வைக்காதடி, வைக்காதடி என்று கத்தினாள் பச்சையம்மாள். எத்தனை நாளாம்மா? ஆறு மாசம்டி. அடுத்த வாரம்தான் மோனிஷாவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. மடியில் கால் வைத்தோமே, மடியில் வைத்தோமே என்று பச்சையம்மாளுக்கு அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.

எத்தனை தடவை நடந்தாள் என்ற கணக்கு விட்டுப்போயிற்று. கண் செருகுகிறது, நடந்துகொண்டே தூங்கலாம் போலிருக்கிறது, கால்கள் அவைபாட்டுக்குப் போகின்றன. தலைக்கு மேலே டியூப் லைட் ஒன்று விட்டு ஒன்று எரிகிறது, கீழே தரையில் அதன் வெளிச்சம், வெளிச்சத்தில் ஒரு அடி, இருட்டில் ஒரு அடி. ஏசி குளிரில் தரை சில்லென்று இருக்கிறது, ஆனால் இடது காலுக்கு மட்டும் கதகதப்பாக, அடியில் யாரோ கரி பரப்பி மூடி வைத்திருக்கிறார்கள், டைல்ஸைப் பெயர்த்தால் செக்கச்செவேல் என்று இருக்கும். மருந்து ஏறுகிறது. கணுக்காலில் எறும்பு ஊர்கிறது, ஆடுசதைக்கு வந்துவிட்டது, முட்டிக்குப் பின்னால் மடிப்பில் கொஞ்சம் நின்று வழி கேட்கிறது, எந்தப் பக்கம்? இப்படி வா, இப்படி வா என்று யார் சொல்வது? பம்பைச் சத்தமா, மிஷின் சத்தமா, ஸ்கேன் அறைக்குள்ளிருந்து டம் டம் என்று வருகிறது. கோவிந்தா என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மனே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கழுத்தில் அடையாள அட்டையோடு வராந்தா முனையில் நிற்கிறாள், லைட்டுக்குக் கீழே ஒரு சின்ன உள்ளங்காலைப் பிடித்துப் பார்க்கிறாள், குழந்தையின் கால், இன்னும் பிறக்காத கால், பார்க்கிறாள், திருப்பிப் பார்க்கிறாள், கூடையைப் பார்க்கிறாள். வேணாம் தாயே! கூடையில் போடாதே, அது சரியான பீஸ்தான், அதில் கறை இல்லை, கறை என் காலில் இருக்கிறது, என்னை எறி. பச்சையம்மாள் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். சுவர் சுவராகத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வந்து பார்த்தால் பெஞ்சில் தேசிங்கைக் காணோம். டீ கப் மட்டும் இருக்கிறது. எங்கே போனார்? போய்விட்டாரா, தெரிந்து போய்விட்டாரா? தெரிய என்ன வழி, தூக்கத்தில் உளறினாளோ? கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்க்கிறாள், காவலாளி மட்டும் கொட்டாவி விடுகிறான். திரும்பிப் பத்தொன்பது அடி, மறுபடி பத்தொன்பது அடி. இப்போது பெஞ்சில் இருக்கிறார், கையில் பேப்பரில் சுற்றின பன். ஒரு பன் வாங்கப் போன மனுஷனுக்காக இவ்வளவு பாடு.

"வாங்கம்மா" என்று ஜெனிபர் கதவைத் திறந்தாள். பலகைக் கட்டிலில் படுக்க வைத்து, தட்டு மாதிரி ஒரு பெரிய மிஷினை மேலே இறக்கினாள், மூச்சு நன்றாக விடுங்க, காலை மட்டும் அசைக்காதீங்க. பக்கத்தில் டிவி மாதிரி ஒன்று இருந்தது. பச்சையம்மாள் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், கழுகுக் கண் சும்மா இருக்குமா? கறுப்பில் குதிகால் இருக்கிற இடத்தில் ஒரு தணல், கொழுந்துவிட்டு எரிகிறது. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, அரையில் போய் ரெண்டு புள்ளி, ரெண்டும் பளபளவென்று.

"ஏறிடுச்சா?" என்றாள். மறுபடி கேட்டாள். "ஏறிடுச்சா கண்ணு?"

"மருந்துதாம்மா ஏறியிருக்கு. நோய் இல்ல இது. நோய் போயிருந்தா எந்தக் கதவைத் தட்டியிருக்கும்னு மருந்து காட்டுது, அவ்வளவுதான். நாளைக்கு டாக்டர் இந்த ரெண்டு நெறியை எடுத்து அனுப்புவார். உள்ள நோய் இருக்கா இல்லையான்னு அதுக்கப்புறம் பத்து நாள்ல தெரியும்." பேசிக்கொண்டே ஜெனிபர் அவள் தொடையிடுக்கில் பேனாவால் ரெண்டு பெருக்கல் குறி போட்டாள். கூசிற்று.

டாக்டர் இன்பராஜ் கீழே இறங்கி வந்து படத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பைலைப் புரட்டினார். "ஆறு மாசம்" என்று வாய்க்குள் படித்தார். படுத்த வாக்கில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன ஆயிற்றோ, அரையில் எரிந்த அந்த ரெண்டு புள்ளியைப் பார்த்த பிறகு ஒளிக்க இனி இடம் எங்கே இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

"ஏழு வருஷம் சார்."

"என்னம்மா?"

"ஆறு மாசம் இல்ல. ஏழு வருஷமா இருக்குது. தீ மிதிச்சேன், மறுநாளே... அன்னிக்கே பார்த்தேன். சுட்டுதுன்னு யார்கிட்டயும் சொல்லல."

டாக்டர் பைலை மூடினார். அவர் முகத்தில் கோபம் வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை. "ஏழு வருஷமா! அன்னிக்கே வந்திருந்தா ஒரு சின்ன வெட்டு, ரெண்டு தையல், வீட்டுக்குப் போயிருக்கலாமேம்மா. இவ்வளவு நாள் விட்டா நெறிக்கு ஏறியிருக்க வாய்ப்பு கூடுதல்தான், பொய் சொல்ல மாட்டேன். ஏன் வரல? படிச்ச பொண்ணு வச்சிருக்கீங்க!" அவரே கொஞ்சம் தணிந்து சொன்னார். "அதோட ஒண்ணு. இது தீயில வந்தது இல்ல. பயாப்சியில தோலுக்கு அடி வரைக்கும் பார்த்தாச்சு, சுட்ட தழும்புன்னு ஒண்ணுமே கிடையாது. தானா முளைச்சது இது. தீயே மிதிக்காதவங்களுக்கும் இதே இடத்துல வருது."

"தழும்பே இல்லையா சார்?"

"இல்லை."

"அப்ப அன்னிக்கு என்னைச் சுடவே இல்லையா?"

இது என்ன கேள்வி என்று டாக்டர் ஜெனிபரைப் பார்த்தார். "இல்லம்மா, சுடல" என்றார். பச்சையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நெறிக்கு ஏறியிருக்கலாம் என்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து ஜெனிபர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டட்டும். அதற்கும் சேர்த்துத்தான் அழுதாள். ஒருத்தியும் சுடாத காலை ஏழு வருஷம் அவளே வைத்துப் பொசுக்கியிருக்கிறாள், அதற்கு யாரைப் போய் நொந்துகொள்வது?

வெளியே வந்தபோது தேசிங்கு பன்னோடு எழுந்து நின்றார். "இன்னா சொன்னாங்க?"

"கிட்ட வராதீங்க, உடம்புல மருந்து இருக்குது" என்றாள். பெஞ்சின் அந்த முனையில் அவர், இந்த முனையில் அவள். நடுவில் டீ கப். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தீ மிதிச்ச அன்னிக்கு நான் சுத்தமா இல்ல. சொல்லாம எறங்கிட்டேன்."

தேசிங்கு பன்னைச் சுற்றின பேப்பரைப் பிரித்தார், மறுபடி சுற்றினார். கொத்தனார் கை, விரல் நுனியெல்லாம் சிமெண்டு தின்று வெடித்த கை.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஏரிக்கரையில பார்த்தேன். புடவையில. அதான ஒட்டிக்கினு வந்தேன், பின்னால வர்றவன் கண்ணுல படக் கூடாதுன்னு. கரை ஏறினதும் துண்டைக் கட்டல? நீ தட்டித் தட்டி உட்ட."

ஏழு வருஷமாக அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு அது. "தெரிஞ்சுமா எறங்க உட்டீங்க? ஒரு வார்த்தை கேட்கல?"

"நீ சொல்லல. நான் எப்படிக் கேக்கறது, கூச்சப்படுவியேன்னு உட்டுட்டேன். ஏன், இப்ப இன்னா அதுக்கு?" காரணம் மெல்ல மெல்லத்தான் அவருக்கு ஏறியது. அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். "அடிப் பாவி. அதுக்குன்னா இத்தினி வருஷம் காட்டாம வச்சிருந்த?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஏமே, உனக்குப் புத்தி இருக்குதா? வருஷா வருஷம் பாரதம் கேக்கற. துகில் இழுக்கற கூத்துல மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவற. அன்னிக்குப் பாஞ்சாலி எப்படி இருந்தா? வீட்டுக்கு விலக்கா, ஒத்தத் துணியோட உக்காந்திருந்தவளைத்தான முடியைப் பிடிச்சு சபைக்கு இழுத்தாந்தான் அந்தப் பாவி. இத்தினி பேர் முன்னால அப்படி நின்னவளா உன்னைச் சுடுவா?" காவலாளி திரும்பிப் பார்த்தான். "புள்ளைக்காக எறங்கற, அவளே பார்த்துப்பான்னுதான் நான் சும்மா இருந்தேன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறாள். ஒரு வருஷம்கூடக் காதில் விழவில்லை.

"காட்டு" என்றார்.

"வேணாங்க, மருந்து..."

"காட்டுன்றேன்ல." டீ கப்பை ஓரமாக வைத்துவிட்டு, முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்து, அவள் இடது காலை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மொச்சை பெரிசுக்குக் கருப்பு, ஓரமெல்லாம் கலைந்து, சுற்றிலும் ஊசி குத்தின நாலு இடம். நாளைக்கு இது இருக்காது. ரொம்ப நேரம் பார்த்தார். ஊதிவிடுகிற மாதிரி ஒரு தரம் குனிந்தார், அப்புறம் வெட்கப்பட்டு நிமிர்ந்தார். அவள் அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பத்து நாள்ல நெறி ரிசல்ட்டு வருமாம். ஏறியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

"வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார். பார்த்துக்கொள்ளத் தெரியாத மனுஷன், ஆனாலும் சொன்னார். பன்னைப் பிய்த்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தார்.

பச்சையம்மாள் பன்னை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முதல் மணியிலேயே மோனிஷா எடுத்துவிட்டாள், என்னம்மா ஆச்சு, என்னம்மா சொன்னாங்க என்று அங்கிருந்து ஒரே அழுகை. "ஒண்ணும் ஆகலடி, அழாத" என்றாள். "இப்ப வராத. ஆபரேஷன் ஆகட்டும், இந்த மருந்தெல்லாம் உடம்பை உட்டு எறங்கட்டும். வீட்டுக்குப் போனதும் சொல்றேன், அப்ப வா. வந்து எம் பக்கத்துலயே படுத்துக்கோ."